இரும்பை நிறத்தால் அளத்தல்: தயோசயனேட்டா, பினாந்த்ரோலினா, ஃபெர்ரோசினா?

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த கணத்தில் தெளிவாக இருக்கும் நீர், குடத்தில் சில மணி நேரம் நின்றதும் மஞ்சளாகக் கலங்கி, பிறகு அடியில் காவி நிற வண்டலை விடுவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழகிப்போன காட்சி. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஃபெர்ரஸ் வடிவில் கரைந்திருந்த இரும்பு, காற்று பட்டதும் ஃபெர்ரிக் வடிவுக்கு மாறி ஹைட்ராக்சைடாகப் பிரிவதே இதற்குக் காரணம். இந்த இரும்பு எவ்வளவு என்று எழுத்தில் சொல்ல வேண்டிய ஆய்வகம் கல்லூரியின் வேதியியல் துறையாக இருந்தாலும், குடிநீர்த் திட்டத்தின் மாவட்ட ஆய்வகமாக இருந்தாலும், அனல்மின் நிலையத்தின் நீர்ப் பிரிவாக இருந்தாலும், செலவும் பயிற்சியும் குறைவு என்பதால் பெரும்பாலும் நிறமானி முறையையே நாடுகிறது. அங்கே முதலில் எழும் கேள்வி, எந்த நிறவினைப்பொருளை வாங்குவது என்பது. தயோசயனேட், 1,10-பினாந்த்ரோலின், ஃபெர்ரோசின் ஆகிய மூன்றுமே இரும்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அடர்நிற அணைவுகளை, அதாவது உலோக அயனியோடு வினைப்பொருள் பிணைந்த சேர்மங்களை, தருபவை. மூன்றுக்கும் கருவி ஒன்றே. நிறத்தின் அடர்த்தி செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற அடிப்படையான பீர்-லாம்பர்ட் விதியும் ஒன்றே. ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்பவை அல்ல.

குடிநீருக்கு முடிவு எடுப்பவருக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். வழக்கமான ஆழ்துளைக் கிணற்று நீரில் மொத்த இரும்பை அளக்கப் பினாந்த்ரோலினே போதும். அதைவிட நுட்பமான ஒன்றை வாங்குவதால் அறிக்கையில் எந்த எண்ணும் மேம்படுவதில்லை. லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டியவர்களும், சிறிய அளவு மாதிரியை மட்டுமே வைத்திருப்பவர்களும், இலைமக்கின் தேநீர் நிறம் ஏறிய நீரை அளப்பவர்களும் ஃபெர்ரோசினுக்குச் செல்லலாம். தயோசயனேட்டை வகுப்பறைக்கு வெளியே பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு, ஒரு சிறிய விதிவிலக்குடன்.

எந்த அளவை அளக்கப் போகிறோம் என்பது தெளிவாகாமல் ஒப்பீடு தொடங்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் இரும்புக்கு உடல்நல அடிப்படையிலான வரம்பு எதையும் வகுக்கவில்லை, லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் துணியிலும் பீங்கானிலும் கறை படியத் தொடங்கும் என்பதையே சுட்டுகிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் 0.3 என்று வைத்திருந்த வரம்பைப் பின்னர் வந்த திருத்தத்தின் மூலம் 1.0 மில்லிகிராமாக உயர்த்தியது. ஆகவே குடிநீர் ஆய்வகத்துக்குத் தேவைப்படுவது 0.1 முதல் 5 மில்லிகிராம் வரை நம்பகமாகச் சொல்லும் முறை. நீராவி குளிர்ந்து நீராகிக் கொதிகலனுக்குத் திரும்பும் ஒடுக்க நீரில் இரும்பைத் தேடுபவருக்கோ லிட்டருக்கு ஒற்றை இலக்க மைக்ரோகிராம்கள் முக்கியம். திறந்த கடலின் மேற்பரப்பு நீரில் அது பெரும்பாலும் ஒரு நானோமோலுக்கும் கீழே, அதாவது லிட்டருக்கு 0.056 மைக்ரோகிராமுக்கும் கீழே போய்விடும். இந்த மூவரும் ஒரே பட்டியலைப் பார்த்து ஒரே புட்டியை வாங்கினால் குறைந்தது ஒருவராவது ஏமாறுவார்.

இப்போது எண்களைப் பார்க்கலாம். பினாந்த்ரோலின் அணைவு 510 நானோமீட்டரில் ஒளியை உட்கவர்கிறது; அதன் மோலார் உட்கவர்திறன், அதாவது ஒரே செறிவில் எவ்வளவு ஒளியை உட்கவரும் என்பதன் அளவு, ஏறத்தாழ 11,100. ஃபெர்ரோசின் அணைவு 562 நானோமீட்டரில் உட்கவர்கிறது. அதற்கு அந்த எண் 27,900. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு என்பது 17.9 மைக்ரோமோல். அது 1 சென்டிமீட்டர் குவெட்டில் (கருவிக்குள் கரைசலை வைக்கும் கலத்தில்) பினாந்த்ரோலினுடன் 0.20 உட்கவர் அளவையும் ஃபெர்ரோசினுடன் 0.50 அளவையும் தரும். 0.3 மில்லிகிராமில் இவை முறையே 0.06, 0.15 ஆகும். சாதாரண ஒளிமானியில் ஒரே கரைசலைத் திரும்பத் திரும்ப வைத்துப் படிக்கும்போது 0.002 அளவுக்கு ஊசலாட்டம் இருக்கும் என்று கொண்டால், பினாந்த்ரோலினில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குச் சமம், ஃபெர்ரோசினில் 0.004. வரம்பு 1.0 மில்லிகிராமாக இருக்கும் இடத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எந்த முடிவையும் மாற்றாது. வினைப்பொருள் பட்டியல்களில் பெரிய எண்ணைக் கண்டதும் அதுவே சிறந்தது என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. பெரும்பாலான இடங்களில் அந்த எண் ஆய்வாளரின் பெருமைக்குத்தான் பயன்படுகிறது, மாதிரிக்கு அல்ல.

தயோசயனேட்டுக்கு இப்படி ஒரே எண்ணைச் சொல்ல முடியாமல் போவதுதான் அதன் முதல் குறை. ஃபெர்ரிக் அயனியோடு அது படிப்படியாகச் சேர்கிறது: ஒரு தயோசயனேட் சேர்ந்த அணைவு 450 நானோமீட்டர் அருகே, 4,700 அளவுக்கு உட்கவர்கிறது, மேலும் மேலும் தயோசயனேட் சேரச் சேர உச்சம் 480ஐ நோக்கி நகர்ந்து நிறமும் ஆழமாகிறது. அணைவுகளின் நிலைத்தன்மை குறைவு என்பதால், சேர்க்கும் தயோசயனேட்டின் செறிவில் சிறிது மாறினாலும் சிவப்பின் அடர்த்தி மாறும். இரும்பின் அளவு தெரிந்த திட்டக் கரைசலுக்கும் மாதிரிக்கும் பிப்பெட் பிழையின்றி ஒரே அளவு சேர்க்காதவருக்கு நேர்கோடு கிடைக்காது. நிறமும் நிலைப்பதில்லை, ஃபெர்ரிக் இரும்பு தயோசயனேட்டையே மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து தான் ஒடுங்குவதால், வெளிச்சத்தில் வைத்த குடுவையின் சிவப்பு கண்முன்னே வெளிறும். வரிசையில் முப்பது குடுவைகளை வைத்துக்கொண்டு முதலாவதை இப்போதும் கடைசியை அரை மணி நேரம் கழித்தும் படிப்பவருக்கு இது பெரும் தொல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது தெரிந்ததே. ஃபுளோரைடு ஃபெர்ரிக் இரும்பை நிறமற்ற அணைவாகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. போதிய வலிய அமிலமும் மிகுந்த தயோசயனேட்டும் இருந்தால் இந்தக் குறுக்கீடு பெருமளவு அடங்கும். அமிலத்தில் சிக்கனம் காட்டினால் இரும்பு குறைவாகத் தெரியும். பாஸ்பேட்டும் இதே வேலையைச் செய்யும். தயோசயனேட் எச்சத்தைச் சலவைத்தூள் கரைசல் போன்ற குளோரின் வகை ஆக்சிஜனேற்றிகளோடு ஒரே தொட்டியில் கொட்டக் கூடாது. நச்சு வாயுக்கள் எழ வாய்ப்புண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. மற்ற இரண்டும் ஃபெர்ரஸ் வடிவத்தை அளப்பவை, ஆகவே ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸாக மாற்றும் ஒடுக்கி ஒன்று வேண்டும். தயோசயனேட்டோ ஃபெர்ரிக் வடிவத்தையே நேராகப் பிடிக்கிறது. நைட்ரிக் அமிலத்தில் சிதைத்து முழுமையாக ஆக்சிஜனேற்றமடைந்த உலோகக்கலவை, தாது போன்றவற்றின் கரைசலில் இரும்பு மில்லிகிராம் கணக்கில் இருக்கும்போது, ஒடுக்கும் படி இல்லாமலே விரைவாக ஒரு தோராய எண்ணைப் பெற அது உதவும். இதுவே நான் சொன்ன விதிவிலக்கு. மாணவர்களுக்கு அணைவுச் சமநிலையைக் காட்டவும் அதைவிட நல்ல வினை கிடைப்பது அரிது; ஆனால் அது கற்பித்தலின் தேவை, அளவீட்டின் தேவை அன்று.

பினாந்த்ரோலின் முறை நீர்ப் பகுப்பாய்வில் பல பத்தாண்டுகளாகத் தரமுறையாக நிற்கிறது, இந்தியாவின் ஐ.எஸ். 3025 வரிசையின் 53ஆம் பகுதியிலும் அதற்கு இடமுண்டு. மூன்று பினாந்த்ரோலின் மூலக்கூறுகள் ஒரு ஃபெர்ரஸ் அயனியைச் சூழ்ந்து ஆரஞ்சு-சிவப்பு அணைவைத் தருகின்றன. பிஎச் 3 முதல் 9 வரை நிறத்தின் அடர்த்தி மாறுவதில்லை, 2.9க்கும் 3.5க்கும் இடையே நிறம் விரைந்து எழுகிறது. ஒருமுறை எழுந்த நிறம் மாதக்கணக்கில் நிற்கும் என்பது தயோசயனேட்டோடு போராடியவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் நிறம் எழுப்பிய வரிசையை மின்தடைக்குப் பிறகு மாலையில் படித்தாலும் எண் மாறாது.

செய்முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது இந்த ஒப்பீட்டுக்குத் தேவை, ஏனென்றால் முறையின் வலிமை வினைப்பொருளில் இருப்பதைவிட அதற்கு முந்தைய படியில்தான் இருக்கிறது. நன்கு குலுக்கிய 50 மில்லிலிட்டர் மாதிரியைக் கூம்புக் குடுவையில் எடுத்து, 2 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 மில்லிலிட்டர் ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு கரைசலும் சேர்த்து, 15 முதல் 20 மில்லிலிட்டராக வற்றும்வரை கொதிக்க விடுகிறோம். இந்தக் கொதிப்பு ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது: வண்டலாகப் பிரிந்துவிட்ட ஹைட்ராக்சைடைக் கரைக்கிறது, ஃபெர்ரிக் இரும்பை ஒடுக்குகிறது, குறுக்கிடும் சயனைடையும் நைட்ரைட்டையும் வெளியேற்றுகிறது, பாலிபாஸ்பேட்டைத் தீங்கு குறைந்த ஆர்த்தோபாஸ்பேட்டாக மாற்றுகிறது. குளிர்ந்த பின் திட்டக் குடுவைக்கு மாற்றி, அம்மோனியம் அசிட்டேட் தாங்கல் கரைசல் 10 மில்லிலிட்டரும் பினாந்த்ரோலின் கரைசல் 4 மில்லிலிட்டரும் சேர்த்து, குறி வரை நீர் ஊற்றிக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து படிக்கிறோம். திட்டக் குடுவை 100 மில்லிலிட்டராக இருந்தால் மாதிரி பாதியாக நீர்த்துப்போகும். 50 மில்லிலிட்டராக இருந்தால் நீர்ப்பே இல்லை. குடுவையின் அளவை மாற்றுவதாலேயே உணர்திறன் இரட்டிப்பாகிறது என்பதை வினைப்பொருளை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

இந்த முறையில் பிழை நுழையும் வழி பெரும்பாலும் தாங்கல் கரைசல்தான். நல்ல தரம் என்று முத்திரையிட்ட அம்மோனியம் அசிட்டேட்டிலும் கணிசமான இரும்பு இருக்கும். ஒவ்வொரு மாதிரியிலும் அதில் 10 மில்லிலிட்டர் ஊற்றுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே புதிய தாங்கல் கரைசல் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசலையும் திட்டக் கரைசல் வரிசையையும் புதிதாக அளக்க வேண்டும். சென்ற மாதத்து வரைகோட்டை இந்த மாதப் புட்டியோடு பயன்படுத்துபவரின் அறிக்கையில், எல்லாக் கிணறுகளிலும் இரும்பு ஒரே அளவில் உயர்ந்திருப்பது போல் தோன்றும். நிலத்தடியில் எதுவும் நடந்திருக்காது. கண்ணாடிக் கலங்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவாமல் விடுவதும் இதே வகைப் பிழையைத் தரும்.

திட்டக் கரைசலுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகங்களில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கென்று எப்போதும் இருக்கும் மோர் உப்பு (ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்) போதும்; 0.702 கிராமை அமிலம் கலந்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். பழைய புட்டியில் ஓரளவு இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்திருந்தாலும் ஹைட்ராக்சிலமின் அதை மீண்டும் ஒடுக்கிவிடுவதால் மொத்த இரும்பு அளவீட்டுக்குப் பாதகமில்லை. படிக நீரை இழந்து பொடிந்துபோன உப்பு மட்டும் எடைக் கணக்கைக் கெடுக்கும்.

பினாந்த்ரோலினின் எல்லைகளும் தெளிவாகவே தெரிந்தவை. துத்தநாகமும் குரோமியமும் இரும்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தாலும், செம்பும் கோபால்ட்டும் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினாலும், நிக்கல் 2 மில்லிகிராமைத் தாண்டினாலும் குறுக்கிடும். காட்மியம், பாதரசம், வெள்ளி, பிஸ்மத், மாலிப்டேட் ஆகியவை வினைப்பொருளையே வீழ்படிவாக்கிவிடும். கிணற்று நீரில் இவை அந்த அளவுக்கு இருப்பதில்லை. ஆனால் முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரைக் கொண்டுவந்து அதே முறையில் அளப்பவர் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே துத்தநாகமும் நிக்கலும் பினாந்த்ரோலினைத் தின்றுவிட, இரும்புக்கு மிச்சம் கிடைக்காது. 0.1 சதவீதக் கரைசலில் 1 மில்லிலிட்டர், ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் இரும்புக்குத்தான் போதும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, அத்தகைய மாதிரிகளில் வினைப்பொருளைக் கூட்டிச் சேர்க்க வேண்டும்.

ஃபெர்ரோசினின் வரலாறு குறுகியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் நகரில் இயங்கிய ஹேக் நிறுவனத்தின் ஸ்டூக்கி 1970இல் அதை இரும்புக்கான நிறவினைப்பொருளாக அறிமுகப்படுத்தினார். டிரையசீன் வளையமும் இரண்டு சல்போனேட் தொகுதிகளும் கொண்ட சோடிய உப்பு என்பதால் நீரில் எளிதாகக் கரையும். அதன் ஊதாச் சிவப்பு அணைவும் நீரிலேயே நிற்கும். அதுவரை இந்த அளவு உணர்திறன் வேண்டுமென்றால் பாத்தோபினாந்த்ரோலினை எடுத்துக் கரிமக் கரைப்பானில் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிபுனல் வேலையை ஒழித்ததே ஃபெர்ரோசின் பரவியதற்கு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். பிஎச் 4 முதல் 9 வரை அணைவு முழுமையாக உருவாகிறது.

அதன் உண்மையான பலங்கள் மூன்று. முதலாவது, ஏற்கெனவே கணக்கிட்ட இரண்டரை மடங்கு உணர்திறன். இரண்டாவது, அது தேவைப்படுத்தும் மாதிரியின் அளவு. சிறு குழிகள் கொண்ட நுண்கிணற்றுத் தட்டில் 100 அல்லது 200 மைக்ரோலிட்டரில் நிறம் எழுப்பிப் படிக்கலாம் என்பதால், ஏரி வண்டலின் துளை நீரைப் பிழிந்தெடுப்பவர்களும் இரும்பை ஒடுக்கும் பாக்டீரியாக்களை வளர்ப்பவர்களும் அதையே விரும்புகிறார்கள். 50 மில்லிலிட்டரைக் கொதிக்க வைக்கும் ஆடம்பரம் அவர்களுக்குக் கிடையாது. மூன்றாவது அதிகம் பேசப்படாதது: அதன் 562 நானோமீட்டர் உச்சம். இலைமக்கு கலந்த நீரின் தேநீர் நிறம் நீல ஒளியில் மிகுதியாகவும் அலைநீளம் கூடக் கூடக் குறைவாகவும் உட்கவரும். 450 முதல் 480 வரை படிக்கும் தயோசயனேட் அதில் நன்றாகச் சிக்கிக்கொள்ளும். 510இல் படிக்கும் பினாந்த்ரோலின் ஓரளவு தப்பும். 562இல் பின்னணி இன்னும் தாழ்ந்திருக்கும். வினைப்பொருள் சேர்க்காத மாதிரியைத் தனியாகப் படித்துக் கழிப்பது எல்லா முறைகளிலும் கட்டாயம்தான். ஆனால் கழிக்க வேண்டிய எண் சிறியதாக இருப்பது எப்போதும் நல்லது.

குறைகளில் செம்பு முதன்மையானது. ஒடுக்கி சேர்த்த கரைசலில் குப்ரஸ் வடிவுக்கு வரும் செம்பும், கோபால்ட்டும் ஃபெர்ரோசினோடு நிறம் தருகின்றன. பித்தளைக் குழாய் இணைப்பில் இரவெல்லாம் நின்ற நீரில் இது கவனிக்க வேண்டியது. நியோகுப்ரொயின் சேர்த்துச் செம்பை மறைக்கலாம், ஆனால் அது இன்னொரு வினைப்பொருள், இன்னொரு செலவு. விலையும் பினாந்த்ரோலினைவிடக் கூடுதல். வடிகட்டி வைத்த பழைய வகை நிறமானியை மட்டுமே கொண்ட ஆய்வகம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பச்சை வடிகட்டி பினாந்த்ரோலினின் 510க்குப் பொருந்தும் வகையில் பெரும்பாலும் இருக்கும், 562க்கு அருகே வடிகட்டி இல்லையென்றால், உச்சத்தை விட்டு விலகிப் படித்து, வாங்கிய உணர்திறனில் ஒரு பகுதியைக் கருவியிடமே இழந்துவிடுவோம்.

நுண்ணளவு தேவைப்படுகிறதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வினைப்பொருளை மாற்றுவது ஒன்றே வழி அன்று. 1 சென்டிமீட்டர் குவெட்டுக்குப் பதிலாக 5 சென்டிமீட்டர் குவெட்டை வைத்தால், பினாந்த்ரோலினிலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு உட்கவர் அளவு 1.0 ஆகிவிடும், அது 1 சென்டிமீட்டரில் ஃபெர்ரோசின் தருவதைப் போல இரு மடங்கு. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை இந்த வழியில் இறங்க முடியும். கருவியின் மாதிரி அறையில் நீண்ட குவெட் பொருந்துமா என்று பார்த்து ஒருமுறை செலவழிப்பது, ஆண்டுதோறும் விலை கூடிய வினைப்பொருளை வாங்குவதைவிடப் பல ஆய்வகங்களுக்கு மலிவாக முடியும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான்: கடல்நீர் ஆய்வாளர்கள் ஃபெர்ரோசினோடு மீட்டர் அளவில் நீண்ட நுண்குழாய் ஒளிவழிகளைப் பயன்படுத்தி நானோமோல் அளவை எட்டுகிறார்கள். அந்த இடத்தில் வரம்பை நிர்ணயிப்பது உட்கவர்திறன் அன்று, வெற்றுக் கரைசலில் ஒளிந்திருக்கும் இரும்பு. வினைப்பொருளே இரும்பு கலந்ததாக இருந்தால், உணர்திறன் கூடக் கூட அந்த மாசும் அதே மடங்கில் கூடித் தெரியும்.

மொத்த இரும்பு வேண்டாம், ஃபெர்ரஸ் எவ்வளவு ஃபெர்ரிக் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றால் ஒப்பீடு வேறு திசையில் திரும்புகிறது. நீரின் பிஎச் ஓர் அலகு கூடினால் ஆக்சிஜனால் ஃபெர்ரஸ் இரும்பு மாறும் வேகம் நூறு மடங்கு கூடும். நடுநிலை பிஎச்சில் சில பத்து நிமிடங்களிலேயே பாதி மாறிவிடலாம். ஆகவே புட்டியில் நிரப்பி, பேருந்தில் கொண்டுவந்து, மறுநாள் அளந்து எழுதும் ஃபெர்ரஸ் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை, வினைப்பொருள் எதுவாக இருந்தாலும். கிணற்றடியிலேயே அமிலம் சேர்க்க வேண்டும், அல்லது அங்கேயே நிறம் எழுப்ப வேண்டும். அங்கே இரண்டு வினைப்பொருள்களும் தத்தம் வழியில் ஏமாற்றும். பினாந்த்ரோலின் இருக்கும் கரைசலில் ஃபெர்ரிக் இரும்பு வெயிலில் ஒடுங்கி நிறம் தரத் தொடங்கும்; குடுவையை நிழலில், முடிந்தால் கறுப்புத் துணிக்குள் வைக்க வேண்டும். ஃபெர்ரோசின் வெளிச்சம் இல்லாமலே ஃபெர்ரிக் இரும்பை மெல்ல ஃபெர்ரஸ் பக்கம் இழுக்கும். ஃபெர்ரிக் மிகுந்த மாதிரியில் எண் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். நிறம் எழுப்பியபின் எத்தனையாவது நிமிடத்தில் படிக்கிறோம் என்பதை வரையறுத்து, எல்லா மாதிரிகளுக்கும் அதையே பின்பற்றினால் ஃபெர்ரோசினை நம்பலாம். களத்தில் கையடக்க ஒளிமானியோடு உடனே படிக்க முடிந்தவருக்கு ஃபெர்ரோசின், நிறம் எழுப்பிய குடுவையை இருட்டில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டியவருக்குப் பினாந்த்ரோலின் என்பதே என் தேர்வு.

மற்ற பெயர்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். டிபிடிசட் (TPTZ) என்ற டிரையசீன் வினைப்பொருள் 593 நானோமீட்டர் அருகே 22,600 அளவு உட்கவர்திறன் தருகிறது. ஃபெர்ரோசினைவிட மேலான எதையும் நீர்ப் பகுப்பாய்வுக்குத் தரவில்லை என்பதால் அதற்காக மாற வேண்டியதில்லை. 2,2'-பைபிரிடின் பினாந்த்ரோலினின் மூத்த உறவு. உட்கவர்திறன் 8,650 மட்டுமே. சல்போனேட் செய்த பாத்தோபினாந்த்ரோலின் நீரில் கரையும், 22,000 அளவுக்கு உட்கவரும், இரத்த நிணநீரில் இரும்பு அளக்க நெடுங்காலம் பயன்பட்டது. நீர் ஆய்வகம் அதை நாட வேண்டிய காரணம் அபூர்வம்.

கண்ணால் ஒப்பிடும் களக் கருவிப் பெட்டிகளை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்கு இத்தகைய பெட்டிகளைக் கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு வரம்புக்கு மேலா கீழா என்று சொல்வதற்கு அது போதும். எந்தக் கிணற்றின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் இரும்பு நீக்கும் தொட்டியின் செயல்திறனைச் சதவீதத்தில் எழுத அந்த அட்டையைப் பயன்படுத்துவது சரியன்று. அட்டையில் அடுத்தடுத்த இரு நிறங்களுக்கு இடையே உள்ள இடைவெளியே சில நேரம் சொல்ல வேண்டிய வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும்.

நிறமானி முறையையே கைவிட வேண்டிய இடமும் உண்டு. இரும்போடு மாங்கனீசு, ஈயம், காட்மியம் என்று ஐந்தாறு உலோகங்களை ஒரே மாதிரியில் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைப்பொருள் என்று போவது வீண்வேலை. அணு உட்கவர் நிறமாலைமானியோ பிளாஸ்மா கருவியோ உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவதே நல்லது. அங்கேயும் இரும்பு எளிய தனிமம் அன்று என்பதைச் சொல்லிவைக்கலாம்: பிளாஸ்மா நிறை நிறமாலைமானியில் ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி, இரும்பின் 56ஆம் நிறையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அந்த அயனியை விலக்கும் மோதல் கலம் இல்லாத பழைய கருவி தரும் நுண்ணளவு இரும்பு எண்ணைவிட, கவனமாகச் செய்த ஃபெர்ரோசின் எண்ணை நான் அதிகம் நம்புவேன். மாதிரியைப் பதப்படுத்தும் அமிலத்தையும் இதற்கேற்ப முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். நிறமானிக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இயல்பாகப் பொருந்தும், பிளாஸ்மா ஆய்வகம் நைட்ரிக் அமிலத்தையே கேட்கும்.

தேர்வு செய்த முறை தன் ஊரின் நீருக்குப் பொருந்துகிறதா என்பதை அறிய ஒரு சோதனை போதும். ஒரே கிணற்று நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவு இரும்பைத் திட்டக் கரைசலிலிருந்து சேர்த்து, இரண்டையும் முழுச் செய்முறை வழியாகக் கொண்டுசென்று அளக்க வேண்டும். சேர்த்ததில் 95 முதல் 105 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தால் பினாந்த்ரோலினோடு நிற்கலாம். குறைவாகக் கிடைத்தால் உடனே வேறு வினைப்பொருளுக்குத் தாவாமல், முதலில் பினாந்த்ரோலினை இரட்டித்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் உயர்ந்தால் வேறு உலோகம் வினைப்பொருளைத் தின்கிறது என்று பொருள், அந்த நீருக்கு இரட்டித்த அளவையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். உயராவிட்டால் கொதிப்பை நீட்டிப் பார்க்க வேண்டும். சேர்த்த இரும்பு கரைந்த வடிவில் இருப்பதால் அது முழுதாகத் திரும்பி வந்தும் நீரிலுள்ள வண்டல் இரும்பு கரையாமல் தப்பியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொண்டு, கொதித்து முடிந்த குடுவையின் அடியில் காவித் துகள் மிஞ்சியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவசியம். துகள் மிஞ்சியிருந்தால் அமிலத்தைக் கூட்டி மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும், வினைப்பொருளை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.